சகுரா பருவத்தில் ஊரிலிருந்து வரும் நண்பருக்கு ஜப்பானைக் காட்டுவது எப்படி?

ஜப்பானுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து ஒரு குளிர்காலத்தைக் கடந்ததும், ஊரிலிருக்கும் நண்பர்களில் ஒருவராவது சகுரா என்னும் செர்ரி மரங்கள் பூக்கும்போது வரட்டுமா என்று கேட்பார். வரச் சொல்வது எளிது. வந்தவர் கண்ணில் பூவைக் காட்டுவதுதான் கடினம். ஒரு மரம் முழுமையாகப் பூத்து நிற்பது ஏறத்தாழ ஒரு வாரம். அந்த வாரம் எது என்பது மார்ச் மாதம் பிறக்கும் வரை ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாது. நண்பரோ விமானச் சீட்டைப் பொங்கலுக்கு முன்பே எடுத்தாக வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்துவதுதான் விருந்தளிப்பவரின் வேலை. டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் குடியிருந்துகொண்டு இதை ஒருமுறை தவறாகவும் மறுமுறை ஓரளவு சரியாகவும் செய்தவன் என்ற முறையில், புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தவறைச் சொல்லிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டில் டோக்கியோவில் மார்ச் 14ஆம் தேதியே முதல் பூ விரிந்தது. 22ஆம் தேதிக்குள் நகரம் முழுவதும் பூத்துவிட்டது. அதை மனத்தில் வைத்து, மறு ஆண்டு என் கல்லூரி நண்பரையும் அவருடைய அம்மாவையும் மார்ச் 19ஆம் தேதி வந்து 27ஆம் தேதி திரும்பும்படி வரச் சொன்னேன். 2024இல் குளிர் விடாமல் நீடித்தது. டோக்கியோவின் முதல் பூ மார்ச் 29ஆம் தேதி அறிவிக்கப்பட்டபோது, அவர்கள் மதுரைக்குத் திரும்பி இரண்டு நாள்கள் ஆகியிருந்தன. அந்த அம்மா ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பல நாள் உறுத்தியது. அதன் பிறகுதான் இந்த மரத்தின் போக்கை ஒழுங்காகப் படித்தேன்.

தேதியைக் குறிப்பது

டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா ஆகிய நகரங்களில் நாம் பார்க்கும் சகுரா மரங்களில் பெரும்பாலானவை சோமெய் யோஷினோ என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. எடோ காலத்தின் இறுதியில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், இன்றைய டோக்கியோவின் கொமகொமே பகுதியிலிருந்த சோமெய் என்னும் சிற்றூரின் தோட்டக்காரர்கள் வழியே பரவியதால் இதற்கு அந்தப் பெயர் வந்தது. விதையிலிருந்து வளர்க்காமல் ஒட்டுக்கட்டியே பெருக்கப்பட்டதால், நாட்டிலுள்ள சோமெய் யோஷினோ மரங்கள் அனைத்தும் மரபணு அளவில் ஒரே மரத்தின் படிகள். ஒரே வட்டாரத்தில் ஒரே வெயிலைப் பெறும் மரங்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒரே நாளில் பூப்பதற்கும், ஒரே நாளில் உதிர்வதற்கும் இதுவே காரணம். நாம் பார்க்கும் அழகும் நம்மை வாட்டும் சிக்கலும் இந்த ஒரு செய்தியிலிருந்துதான் பிறக்கின்றன.

மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகிக் குளிர்காலத்தில் உறங்குகிறது. கடுங்குளிர் போதிய நாள்கள் நீடித்தால்தான் அந்த உறக்கம் கலையும். கலைந்த பிறகு வெப்பம் கிடைக்கக் கிடைக்க மொட்டு வளரும். பிப்ரவரி 1ஆம் தேதி முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்து, கூட்டுத்தொகை 600 டிகிரியைத் தொடும் நாளையொட்டிப் பூ விரியும் என்று இங்கே ஒரு கணக்குச் சொல்வார்கள். துல்லியமான அறிவியல் அன்று என்றாலும், மார்ச் மாதத்தில் நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய நல்ல கணக்கு அது.

இரண்டு ஜப்பானியச் சொற்களை நண்பருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். முதற்பூ விரிவது 'கைகா'. முழுதாகப் பூத்து நிற்பது 'மன்காய்'. டோக்கியோவில் வானிலை ஆய்வு நிறுவனத்தின் அலுவலர் ஒருவர் யசுகுனி ஆலய வளாகத்திலுள்ள அடையாள மரத்தை நேரில் பார்த்து, ஐந்தாறு பூக்கள் விரிந்திருந்தால் கைகா என்று அறிவிப்பார். தொலைக்காட்சிக் கேமராக்கள் சூழ்ந்து நிற்கும். அதே மரத்தில் எண்பது விழுக்காடு மொட்டுகள் விரிந்துவிட்டால் அது மன்காய். இடைவெளி சுமார் ஒரு வாரம். 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி டோக்கியோவில் கைகா மார்ச் 24, மன்காய் மார்ச் 31. கியோட்டோவில் மார்ச் 26, ஏப்ரல் 4. வடக்கே செண்டாயில் கைகா ஏப்ரல் 8. ஹொக்கைடோவின் சப்போரோவில் மே 1. கைகா நாளில் மரம் வெறுங்கிளையாகத்தான் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். நண்பருக்குக் காட்ட வேண்டியது மன்காயும் அதற்குப் பின் வரும் நான்கைந்து நாள்களும்.

ஆகவே, ஆறு மாதத்துக்கு முன்பே சீட்டு எடுக்க வேண்டியவருக்கு என் பரிந்துரை இதுதான்: மார்ச் 27ஆம் தேதியையொட்டி டோக்கியோவில் இறங்கட்டும், முதல் நான்கைந்து நாள்கள் டோக்கியோ, அடுத்து கியோட்டோ, ஏப்ரல் 7 அல்லது 8ஆம் தேதியளவில் திரும்பட்டும். பூ முந்தினாலும் பிந்தினாலும் பன்னிரண்டு நாள்களுக்குள் எங்கேனும் ஓரிடத்தில் மன்காய் சிக்கிவிடும். ஒரு வாரம்தான் விடுப்பு என்றால், ஏப்ரல் முதல் வாரத்தைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். பிந்திப் போனால்கூட உதிரும் காட்சியும், பிந்திப் பூக்கும் வகைகளும் கிடைக்கும். முந்தி வந்தவருக்கு மொட்டுதான். வானிலை ஆய்வு நிறுவனம் 2009ஆம் ஆண்டுக்குப் பிறகு பூக்கும் நாளை முன்கூட்டிக் கணித்து வெளியிடுவதில்லை. இப்போது தனியார் வானிலை நிறுவனங்கள் பல தனித்தனியே வெளியிடுகின்றன. ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைப் பாருங்கள். அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகத் தொடங்கும்போதுதான் அன்றாடத் திட்டத்தை இறுதி செய்யுங்கள்.

தாள்களும் சீட்டுகளும்

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலாவுக்கும் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய வருகை என்றால் வேண்டியதில்லை. நண்பர் தம் சொந்தச் செலவில் சுற்றுலாப் பயணியாக வருவதானால் வேலை எளிது. இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் மின்விசாவும் உண்டு. நீங்கள் அழைத்து, செலவையும் ஏற்பதானால் அழைப்புக் கடிதம், நாள்வாரிப் பயணத் திட்டம், உத்தரவாதக் கடிதம் ஆகியவற்றை நீங்கள் இங்கிருந்து அனுப்ப வேண்டும். பிப்ரவரி தொடக்கத்திலேயே இதை முடித்துவிடுவது நிம்மதி.

தங்குமிடத்தை விமானச் சீட்டு எடுத்த அன்றே பிடித்துவிடுங்கள், குறிப்பாகக் கியோட்டோவில். கட்டணமின்றி நீக்கிக்கொள்ள இடம் தரும் அறையாகப் பாருங்கள். பூவின் போக்கைப் பார்த்து ஒரு நாள் முன்பின்னாக நகர்த்த அது உதவும். ஏப்ரல் 1ஆம் தேதி இங்கே பள்ளி ஆண்டும் நிதியாண்டும் பிறக்கின்றன. வீடு மாறுவோரும் புதிதாக வேலைக்குச் சேர்வோரும் அதே நாள்களில்தான் அலைவார்கள் என்பதால் அறைகளும் ரயில்களும் சீக்கிரம் நிரம்பிவிடும்.

குறித்த நாள்களுக்கு ஜே.ஆர். ரயில்களில் விரும்பியபடி பயணிக்க உதவும் ஜே.ஆர். பாஸ் வாங்கலாமா என்று நண்பர் கட்டாயம் கேட்பார். ஏழு நாள் பாஸின் விலை 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நொசோமி என்னும் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒருவழிக் கட்டணம் 14,000 யென் அளவுதான். இந்த இரு ஊர்களோடு திரும்புவதாக இருந்தால் பாஸ் நட்டம். தவிர, அது குறுகிய வருகையாளருக்கு உரியது. வசிப்பிட அட்டை வைத்து இங்கேயே குடியிருக்கும் நம்மைப் போன்றவர்களால் அதைப் பயன்படுத்த முடியாது. நண்பர் பாஸிலும் நீங்கள் தனிச்சீட்டிலும் போவது வீண் குழப்பம். நகருக்குள் சுயிகா அல்லது பாஸ்மோ அட்டையில் பணம் ஏற்றிக் கொடுத்தால் ரயில், பேருந்து, கொன்பினி எனும் இருபத்துநான்கு மணி நேரக் கடைகள் எல்லாவற்றுக்கும் போதும். கோயில் வாசல் தள்ளுவண்டிகளுக்காகக் கொஞ்சம் சில்லறையும் கையில் இருக்கட்டும்.

கிளம்பும் முன் நண்பரிடம் சொல்ல வேண்டியவை

குளிரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். பூ என்றதும் நம் மனம் சித்திரை வெயிலை நினைத்துக்கொள்கிறது. மார்ச் இறுதியில் டோக்கியோவின் காலை வெப்பநிலை ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும். பகலில் பதினைந்தைத் தொட்டால் நல்ல நாள். பூத்திருக்கும் நேரத்தில் திடீரெனத் திரும்பி வரும் குளிருக்கு 'ஹனபியே' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள் என்றால் அது எவ்வளவு வழக்கமானது என்பது புரியும். ஒரே கனத்த கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய இரண்டு மூன்று உடைகள் மேல். காலணி, கயிறு கட்டாமல் மாட்டிக் கழற்றும் வகையாக இருக்கட்டும். கோயிலிலும் பூங்கா விரிப்பிலும் ஒரு நாளைக்குப் பத்து முறை கழற்ற நேரும்.

பையில் என்ன வரலாம் என்பது அடுத்தது. இறைச்சி கலந்த எந்தப் பண்டமும் கூடாது. ஆட்டிறைச்சி ஊறுகாயும் இதில் அடங்கும். கறிவேப்பிலை, பழம் போன்றவற்றைத் தாவர ஆய்வுச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவர முடியாது. சூடோஎபெட்ரின் பத்து விழுக்காட்டுக்கு மேல் கலந்த சளி மாத்திரைகளுக்குத் தடை உண்டு; கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அன்றாட மருந்துகளை ஒரு மாத அளவுக்குள், மருத்துவர் சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். இந்தப் பருவத்தில் சுகி, ஹினோக்கி மரங்களின் மகரந்தம் காற்றில் நிறைந்திருப்பதால், தும்மல் ஒவ்வாமை உள்ளவர் அதற்கான மாத்திரையையும் முகக்கவசத்தையும் மறக்கக் கூடாது.

பிறகு, பூவைப் பற்றியே ஒரு செய்தி. சோமெய் யோஷினோவுக்கு மணம் இல்லை என்றே சொல்லலாம். மல்லியும் மருக்கொழுந்தும் மணக்கும் தெருவில் வளர்ந்தவர்கள், இத்தனை ஆயிரம் மரங்களின் கீழே வந்து நின்று மூச்சை இழுத்துப் பார்த்து ஏமாறுவார்கள். அதைப் போலவே, பறித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாமா என்ற எண்ணமும் நமக்கு இயல்பாக எழும். பறிக்கக் கூடாது, கிளையை வளைத்துப் படம் எடுக்கக் கூடாது, இதழ் உதிர வேண்டும் என்று உலுக்கவே கூடாது. சகுராவின் வேர்கள் மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே பரவுவதாலும், வெட்டுக்காயம் எளிதில் அழுகிப்போவதாலும் மரத்துக்கு இது உண்மையான கேடு. வந்த இடத்தில் தடுத்துச் சொன்னால் நண்பர் கூசிப்போவார்; கிளம்பும் முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுவது நாகரிகம்.

டோக்கியோவில் எங்கே, எப்போது

இறங்கிய அன்று எங்கேயும் அழைத்துப் போகாதீர்கள். குளித்து, ரசம் சோறு சாப்பிட்டுத் தூங்கட்டும். மறுநாள் விடியற்காலையில் தொடங்குங்கள். மார்ச் கடைசியில் ஐந்தரை மணிக்கெல்லாம் பொழுது விடிந்துவிடும். கூட்டத்தைப் பற்றி ஜப்பானில் எல்லோரும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ஆனால் காலை ஏழு மணிக்கு முன் நான் போன எந்த இடத்திலும் கூட்டம் இருந்ததில்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் பின்பற்றுவதானால் இதைப் பின்பற்றுங்கள்.

நிஷி கசாயிலிருந்து தோசாய் வழித்தடத்தில் ஏறினால் மாறாமல் குதான்ஷிதாவில் இறங்கலாம். அங்கிருந்து சில நிமிட நடையில் சிதோரிகாபுச்சி. பழைய எடோ கோட்டையின் அகழிக் கரையில் 700 மீட்டர் நீளமுள்ள நடைபாதை அது. இருமருங்கும் மரங்கள், அகழியின் சரிவில் நீரைத் தொடுமளவு தாழ்ந்த கிளைகள். பகலில் படகு வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் வரிசை நீண்டுவிடும். அருகிலேயே யசுகுனி வளாகத்தின் அடையாள மரம். செய்தியில் பார்த்த மரத்தை நேரில் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு.

ஷின்ஜுகு கியோயென் தோட்டத்தை ஒரு நாள் முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 500 யென். மது கொண்டுபோகத் தடை இருப்பதால் குடும்பத்தோடு வருபவர்களுக்கு அமைதியான இடம். பல வகைச் சகுராக்கள் இருப்பதால் பிப்ரவரி முதல் ஏப்ரல் இறுதி வரை ஏதேனும் ஒன்று பூத்தபடி இருக்கும். 2024இல் என்னைக் காப்பாற்றியது இங்கே மார்ச் நடுவிலேயே பூத்து நின்ற ஷுசென்ஜி கான்சகுரா மரங்கள்தான். கூட்டம் மிகும் வார இறுதிகளில் முன்பதிவு கேட்பதுண்டு. முந்தின வாரமே பார்த்துவிடுங்கள்.

உவேனோ பூங்காவை ஒரு முறை பார்க்க வேண்டியதுதான், ஆனால் மாலையில் சென்று, தொங்குவிளக்குகள் ஏற்றியதும் ஒரு சுற்று நடந்து திரும்பிவிடலாம். மெகுரோ ஆற்றங்கரையைப் படத்தில் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்பார்கள். மாலை வேளையில் அங்கே நடப்பது என்பது தள்ளப்படுவதுதான், வயதானவர்களை அழைத்துப் போகாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது வடக்கேயுள்ள அசுகயாமா. அக்காலத்தில் நாட்டை ஆண்ட எட்டாம் ஷோகுன் தொகுகாவா யோஷிமுனே 1720இல் இங்கே மரங்களை நட வைத்து, பின்னர் எளிய மக்கள் வந்து அமர்ந்து களிக்கும் இடமாகத் திறந்துவிட்டார். இன்றும் அங்கே கம்பளி போர்த்திய தாத்தா பாட்டிகளும் குழந்தைகளும்தான் நிறைந்திருப்பார்கள். மேலே ஏற முடியாதவர்களுக்கு ஒரு சிறிய இலவச ஏற்றுவண்டியும் உண்டு.

எங்கே போனாலும் மரத்துக்கு அருகில் நிற்கக் கற்றுக்கொடுங்கள். தொலைவிலிருந்து பார்த்தால் இளஞ்சிவப்பு மேகம். கிட்டே போனால் பூ ஏறக்குறைய வெள்ளை. முதிர்ந்த மரங்களில் கிளையே இல்லாமல் கருத்த அடிமரப் பட்டையைப் பிளந்துகொண்டு இரண்டு மூன்று பூக்கள் எட்டிப் பார்க்கும். குழந்தைகளின் கண்ணுக்கு நேராக இருப்பது அதுதான். பூவின் நடுவைக் கவனியுங்கள். புதிதாக விரிந்ததில் நடு வெளிறியிருக்கும். நாள் ஆக ஆகச் சிவப்பு ஏறும். நடு நன்றாகச் சிவந்துவிட்டால் அடுத்த காற்றுக்கு உதிரும் என்று பொருள். நாளைக்கு வரலாமா, இன்றே பார்த்துவிட வேண்டுமா என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. புதுப்பூவாக இருந்தால் சிறு மழைக்கு அஞ்ச வேண்டாம். அது கிளையை விடாது.

விரிப்பு போட்டு உட்காரும் நாள்

ஹனமி என்ற சொல்லுக்குப் பூப்பார்த்தல் என்று பொருள் என்றாலும், நடைமுறையில் அது மரத்தடியில் அமர்ந்து உண்பதுதான். 812ஆம் ஆண்டில் சாகா பேரரசர் கியோட்டோவில் நடத்திய பூவிருந்திலிருந்து இதன் வரலாற்றைச் சொல்வார்கள். நண்பருக்கு ஜப்பானைக் காட்டும் நாள்களில் எதைக் குறைத்தாலும் இந்த ஒரு நாளைக் குறைக்காதீர்கள். பத்து இடங்களைச் சுற்றிப் பார்த்தவர் படங்களோடு ஊர் திரும்புவார். ஒரே மரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர் அந்த மரத்தை நினைவில் கொண்டுபோவார்.

இடத்துக்கு, பெயர்பெற்ற பூங்காக்கள் வேண்டாம். நிஷி கசாய் அடங்கிய எடோகவா வட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு ஷின்கவா கால்வாய்க் கரையும், அரகவா ஆற்றையொட்டிய கொமத்சுகவா சென்போன்சகுராவும் பக்கத்திலேயே இருக்கின்றன. மற்ற வட்டத்தினருக்கும் நடந்துபோகும் தொலைவில் இப்படி ஓர் இடம் கட்டாயம் இருக்கும். நூறு யென் கடையில் விரிப்பு வாங்குங்கள்; நிலம் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருப்பதால் அதன்மேல் பரப்ப ஒரு பழைய போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் எண்ணிக்கைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் விரியுங்கள். அடிமரத்தை ஒட்டி வேரின்மேல் போடாமல் சற்றுத் தள்ளிப் போடுங்கள். காலணியைக் கழற்றி விரிப்புக்கு வெளியே வையுங்கள். அடுப்பு மூட்டப் பெரும்பாலான பூங்காக்களில் அனுமதி இல்லை. தற்காலிகக் கழிப்பறைகளில் வரிசை நீளும். கிளம்பும்போதே நிலையத்தில் முடித்துக்கொள்வது நல்லது.

சாப்பாட்டுக்கு நம் கட்டுச்சோற்றை மிஞ்ச எதுவுமில்லை. புளியோதரை, எலுமிச்சைச் சோறு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஆகியவை ஆறினாலும் கெடாதவை. தயிர்ச்சோறு அந்தக் குளிரில் இறங்காது. குடுவையில் சுடச்சுட இஞ்சித் தேநீர் இருக்கட்டும். கூடவே ஜப்பானியப் பண்டங்கள் இரண்டை வாங்கி வையுங்கள். சிவப்பு, வெள்ளை, பச்சை என மூன்று அரிசிமாவு உருண்டைகளைக் குச்சியில் கோத்த ஹனமி தாங்கோ ஒன்று. உப்பில் ஊறிய சகுரா இலையில் பொதிந்த சகுரா மோச்சி மற்றொன்று. பூவில் தேடிக் கிடைக்காத மணம் இந்த இலையில் இருக்கிறது. டோக்கியோப் பக்கத்தில் மெல்லிய மாவு அடையில் சுற்றியும், கியோட்டோ பக்கத்தில் பொங்கல் போலக் குருணையாகவும் செய்வார்கள். இரண்டையும் அந்தந்த ஊரில் தின்று பார்க்கலாம். உள்ளே இருப்பது இனிப்புப் பயற்றங்கூழ் என்பதால் சைவ உணவினருக்கு இவை பெரும்பாலும் ஏற்றவை. மற்றபடி சைவம் உண்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்: மிசோ சூப், ஊதோன் குழம்பு, இனாரி சுஷி என்று மீன் கண்ணில் படாத பண்டங்களிலும் கட்சுவோ மீன் இட்ட தாஷிச் சாறு கலந்திருக்கும். மீன் இல்லைதானே என்று கேட்டால் இல்லை என்றே கடைக்காரர் நேர்மையாகச் சொல்வார். தாஷி உண்டா என்று கேட்க வேண்டும்.

குப்பையைத் திரும்ப எடுத்துவர இரண்டு பைகள் கொண்டுபோங்கள், எரியும் குப்பைக்கு ஒன்று, புட்டிகளுக்கு ஒன்று. வீட்டுக்கு வந்து உங்கள் வட்டத்தின் முறைப்படி பிரித்துப் போட வேண்டும்.

கியோட்டோ

ஷின்கான்செனில் இரண்டே கால் மணி நேரம். போகும்போது வலப்பக்கச் சாளர இருக்கையை, அதாவது 'E' வரிசையைப் பதிவு செய்தால், வானம் தெளிந்திருக்கும் நாளில் ஏறி முக்கால் மணி நேரத்தில் ஃபுஜி மலை தெரியும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு உரிய இருக்கையைச் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். அதைவிட, பெரிய பெட்டிகளைத் தக்யூபின் சேவையில் முந்தின நாளே விடுதிக்கு அனுப்பிவிட்டுக் கைப்பையோடு போவது சுகம்.

கியோட்டோவில் பேருந்தை நம்பித் திட்டமிடாதீர்கள். இந்தப் பருவத்தில் அவை நிறைந்து, நிற்காமலும் போகும். சுரங்க ரயிலும் நடையும்தான் வழி. சுரங்க ரயிலில் கெயாகேயில் இறங்கினால், பழைய படகுப் பாதையான தண்டவாளத்தின் இருபுறமும் பூத்த மரங்கள். அங்கிருந்து நன்சென்ஜி வழியாக மெய்யியலாளர் பாதைக்கு வந்து, ஓடையோரமாக இரண்டு கிலோமீட்டர் நடந்தால் வெள்ளி மண்டபம் எனப்படும் கின்ககுஜி (Ginkaku-ji) கோயில். காலை ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். மாலையில் மருயாமா பூங்காவின் கிளைகள் தாழ்ந்து தொங்கும் ஒற்றைப் பெரிய ஷிதாரே சகுரா, விளக்கொளியில். கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் நுழையவும் படம் எடுக்கவும் தடை உள்ளது. பலகைகளைப் பார்த்து நடங்கள். இன்னொரு நாளுக்கு தைகோஜி: 1598இல், அன்று ஜப்பானை ஆண்ட தொயொதொமி ஹிதெயோஷி தம் கடைசி வசந்தத்தில் பெருவிருந்து நடத்திய கோயில்.

பூ தவறிவிட்டால்

முந்திவிட்டதென்றால் வடக்கே போகலாம், மேலே ஏறலாம், அல்லது வகையை மாற்றலாம். கியோட்டோவின் நின்னாஜி கோயிலில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டுமே வளரும் ஒமுரோ சகுரா மற்றவை உதிர்ந்த பிறகுதான் பூக்கும். அடுக்கிதழ் கொண்ட யாயே சகுராவைப் பார்க்க, ஏப்ரல் நடுவில் ஒரு வாரம் மட்டும் ஒசாகா நாணயச் சாலை தன் மரப்பாதையைத் திறந்துவிடுகிறது. 1883இல் தொடங்கிய வழக்கம் இது. நாராவின் யோஷினோ மலையில் அடிவாரம் முதல் உச்சி வரை நான்கு அடுக்குகளாகப் பூ ஏறிக்கொண்டே போகும் என்பதால், கீழே தவறினாலும் மேலே கிடைக்கும். ஏப்ரல் பிற்பகுதி என்றால் அஒமோரியின் ஹிரோசாகி கோட்டை. அங்கே சுமார் 2,600 மரங்கள். ஆப்பிள் தோட்டக்காரர்களின் கவாத்துமுறையால் வளர்க்கப்படுவதால் ஒவ்வொரு கொத்திலும் பூக்கள் நெருக்கமாக இருக்கும். உதிரும் இதழ்கள் அகழி நீரை முழுவதுமாக மூடிவிடும். பிப்ரவரியில்தான் வர முடியும் என்பவருக்கு இசு தீபகற்பத்தின் கவாசு ஊர் உண்டு. அடர் இளஞ்சிவப்பான கவாசு சகுரா அங்கே ஒரு மாதம் வரை நின்று பூக்கும்.

கடைசி நாளை ஒன்றுமில்லாமல் விட்டுவைத்து, வீட்டுக்குப் பக்கத்து மரத்துக்குப் போங்கள். 2025இல் நண்பரும் அம்மாவும் மீண்டும் வந்தார்கள். மார்ச் 24 கைகா, 30 மன்காய், எல்லாம் சொன்னபடி நடந்தன. திரும்பும் நாள் காலையில் ஷின்கவா கரையில் நடந்தோம். இதழ் இதழாக அன்றி, காம்போடு முழுப்பூக்களாகச் சில மரங்களின் கீழே விழுந்து கிடந்தன. சிட்டுக்குருவிகள் தேனுக்காகப் பூவின் அடியைக் கடித்துத் துண்டித்துவிடுவதால் அப்படி விழும்; அண்ணாந்து பார்த்தால் அவை கொத்தும் வேகத்தில் பூ ஒவ்வொன்றும் பம்பரமாகச் சுழன்று இறங்குவது தெரியும். மரத்தைத் தொடக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததை நினைவில் வைத்திருந்த அம்மா, கீழே கிடப்பதை எடுக்கலாமா என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். "பவழமல்லி மாதிரிதான் தம்பி, இதையும் கீழே இருந்துதான் பொறுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, மண் படாத ஐந்தாறு பூக்களைப் பொறுக்கி முந்தானையில் வைத்துக்கொண்டார். விமான நிலையத்துக்குப் புறப்பட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.